திண்ணை வங்கியும் பிரசங்க மேடையும்

மத்திய மலாவியில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். முதல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, தகரக் கூரை போட்ட செங்கல் தேவாலயத்தில். பெண்கள் பக்கம் நிரம்பி வழியும். ஆண்கள் பக்கம் பெஞ்சுகளில் இடம் இருக்கும். பிரசங்கம் செய்பவர் பல வாரங்களில் போதகராக இருக்கமாட்டார், சபை மூப்பராக இருப்பார். காரணம் எளிமையானது. ஒரு போதகரின் பொறுப்பில் ஒரு தேவாலயம் மட்டும் இல்லை. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல ஜெபவீடுகள். மண் சாலைகளில் சைக்கிளிலோ பழைய மோட்டார் சைக்கிளிலோ அவர் ஒரு சுற்று முடித்து அதே ஊருக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகிவிடும்.

இரண்டாவது கூட்டம் வாரத்தில் வேறொரு நாள், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில். இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அநேகமாக எல்லோரும் பெண்கள், அநேகமாக ஞாயிறு காலை அந்தப் பெஞ்சுகளில் இருந்தவர்கள். நடுவில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்கு மூன்று பூட்டுகள். சிச்சேவா மொழியில் இதற்குப் பெயர் 'பாங்கி ம்கொண்டே'. தமிழில் அப்படியே சொன்னால் திண்ணை வங்கி.

இந்த இரண்டு கூட்டங்களுக்கும் நடுவில் உள்ள தூரம் நூறு அடிதான். ஆனால் திண்ணையில் சேர்ந்த பணம் பெண்ணின் கையில் நிற்குமா, அவள் புருஷன் இறந்தால் வீட்டுப் பாத்திரம் பண்டத்தோடு அதுவும் போகுமா, அவளுடைய பதினைந்து வயது மகள் பள்ளிக்கூடம் போவாளா அல்லது கல்யாணப் பந்தலுக்குப் போவாளா என்பதெல்லாம் பெருமளவு முதல் கூட்டத்தில் என்ன பேசப்படுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. அங்கே பேசுகிறவருக்கு இறையியல் கல்லூரியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தும்.

மலாவி சிறிய நாடு. 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1 கோடியே 75 லட்சம் பேர். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமவாசிகள். 77 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள், சுமார் 14 சதவீதம் முஸ்லிம்கள். கத்தோலிக்கர்களுக்கு அடுத்த பெரிய சபை 'சி.சி.ஏ.பி.' என்று எல்லோரும் சொல்கிற மத்திய ஆப்பிரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபை. சர்க்கார் போய்ச் சேராத ஊருக்கும் சபை போய்ச் சேர்ந்திருக்கிறது. நாட்டின் மருத்துவ சேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கிறிஸ்தவ மருத்துவமனைகள்தான் தருகின்றன. ஆகவே ஒரு கிராமத்தில் படித்தவர், வெளியுலகம் அறிந்தவர், கோர்ட் படியேறாமல் வழக்கைத் தீர்த்துவைப்பவர் என்றால் ஒன்று கிராமத் தலைவர், இன்னொன்று 'அபுசா'. அந்தச் சொல்லுக்கு மேய்ப்பர் என்று அர்த்தம். போதகரின் மனைவிக்கும் பட்டம் உண்டு: 'மாயி புசா'.

மேய்ப்பர்களை உருவாக்கும் வேலையில் மிஷனரிகள் அவசரம் காட்டியதே இல்லை. ஸ்காட்லாந்து மிஷன் 1875-ல் லிவிங்ஸ்டோனியா என்ற பெயரில் ஏரிக்கரையில் கால் வைத்தது. முதல் மூன்று உள்ளூர் ஆண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்தது 1914-ல். நாற்பது வருஷத்துக்கு ஒன்று குறைவு. பள்ளிக்கூடம் நடத்தலாம், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்கலாம், மொழிபெயர்க்கலாம். ஆனால் அப்பத்தைப் பிட்டு ஞானஸ்நானம் கொடுக்க இன்னும் பக்குவம் வரவில்லை என்பதுதான் வெள்ளைக்காரர்களின் வாதம். அந்த மூவருக்குப் பிறகு ஒரு பெண் அதே இடத்துக்கு வர மேலும் எண்பது வருஷத்துக்கு மேல் ஆனது. லிவிங்ஸ்டோனியா, பிளான்டயர் ஆயர் மண்டலங்கள் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வழிவிட்டன. தென்னாப்பிரிக்க டச்சு மிஷன் 1889-ல் தொடங்கி வளர்த்த நிகோமா மண்டலம் நீண்ட காலம் மறுத்தே வந்தது. "இன்னும் பக்குவம் வரவில்லை" என்று தங்கள் தாத்தாக்களிடம் சொல்லப்பட்ட வாதத்தையே இப்போது பேரன்கள் பெண்களிடம் சொல்வதை அங்குள்ள பெண்கள் கவனிக்காமல் இல்லை.

நிகோமா மண்டலம் செவா இனத்தவரின் நாடு. செவாக்கள் தாய்வழிச் சமூகம். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டு ஊருக்குப் போய்க் குடிசை கட்டவேண்டும். பிள்ளைகள் தாயின் குலம். நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கேட்பதற்குப் பெண்ணரசு போலத் தோன்றும். ஆனால் இன்னொரு பாத்திரம் இருக்கிறது: தாய்மாமன். சகோதரிகளும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்த கூட்டத்துக்கு 'ம்பும்பா' என்று பெயர். அந்தக் கூட்டத்துக்குப் பொறுப்பாளி தாய்மாமன். கல்யாணத்தில் இரு தரப்பிலும் சாட்சியாக, ஜாமீனாக நிற்பவர் 'நிகோஸ்வே'. பெரும்பாலும் அதுவும் மாமன்தான். பெண்ணுக்கு நிலம் உண்டு, பேச்சு அவளுடைய மாமனுக்கு. தாய்மாமன் மடியில் காது குத்திக்கொண்டு வளர்ந்த தமிழர்களுக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை.

இந்த உறவுமுறையை ஓர் ஆட்சியே கடன் வாங்கியது என்பது மலாவி வரலாற்றின் விசித்திரமான அத்தியாயம். 1964-ல் சுதந்திரம் வாங்கிக் கொடுத்து 1994 வரை ஆண்ட டாக்டர் ஹேஸ்டிங்ஸ் கமுசு பாண்டா, செவாக்காரர், ஸ்காட்லாந்து சபையின் மூப்பராக இருந்தவர். தன்னை 'நிகோஸ்வே நம்பர் ஒன்' என்று அறிவித்துக்கொண்டார். நாட்டுப் பெண்கள் அனைவரும் அவருடைய ம்பும்பா. அவர் முகம் அச்சிட்ட துணியைச் சுற்றிக்கொண்டு, அவர் போகும் இடமெல்லாம் பெண்கள் ஆடிப் பாடி வரவேற்கவேண்டும். முழங்கால் தெரிகிற பாவாடையும் பேன்ட்டும் பெண்களுக்குச் சட்டப்படி தடை. பெண்களின் காவலர் என்று ஒருவர் கிளம்பினால் பெண்கள் முதலில் இழப்பது எதை என்பதை மலாவி முப்பது வருஷம் படித்தது. 1992 மார்ச்சில் கத்தோலிக்க ஆயர்கள் எழுதிய சுற்றறிக்கை எல்லாக் கத்தோலிக்க ஆலயங்களிலும் ஒரே ஞாயிறன்று வாசிக்கப்பட்டபோதுதான் அந்த ஆட்சியின் அடித்தளம் ஆடியது. பிரசங்க மேடைக்கு அங்கே என்ன பலம் என்பதற்கு இதைவிட நிரூபணம் தேவையில்லை. பின்னாளில் பாஸ்டர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரியில் பல வருஷம் ஆசிரியராக இருந்த லாசரஸ் சக்வேரா 2020-ல் ஜனாதிபதியாகவே வந்தார். விலைவாசி அவரை விடவில்லை. 2025 தேர்தலில் தோற்றார்.

சரி, கல்லூரியில் என்னதான் நடக்கிறது? ஆப்பிரிக்காவின் பல இறையியல் கல்லூரிகளில் ஒரு காட்சி நீண்ட காலம் மாறாமல் இருந்தது. வகுப்பறையில் கணவன் கிரேக்க இலக்கணமும் சபை வரலாறும் படிப்பான். கொஞ்ச தூரத்தில் இன்னொரு கட்டடத்தில் அவன் மனைவி தையல், சமையல், குழந்தை வளர்ப்பு, ஞாயிறு பள்ளி நடத்தும் விதம் படிப்பாள். மூன்று நான்கு வருஷம் கழித்து இருவரும் ஒரே கிராமத்துக்குப் போவார்கள். அவனுக்குச் சம்பளம், அங்கி, வோட்டு. அவள் மாயி புசா ஆகிவிட்டதால் பெண்கள் சங்கத்துக்குத் தலைமை ஏற்கவேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். அதற்குச் சம்பளம் கிடையாது, அவள் விரும்பினாளா என்றும் யாரும் கேட்கமாட்டார்கள். அந்தச் சங்கத்தில் அவளைவிட விவரமான, வயதான, துணிச்சலான பெண்கள் இருப்பார்கள். யாருடைய மனைவி என்பதால் தலைமை கிடைக்கும் அமைப்பில் பிணக்கு வராமல் என்ன செய்யும்?

ஆனாலும் இந்தப் பெண்கள் சங்கங்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் 'மன்யானோ' என்று பெயர். மெதடிஸ்ட் பெண்கள் சிவப்பு ரவிக்கை, வெள்ளைக் காலர், கறுப்புப் பாவாடையில் வியாழக்கிழமை கூடுவார்கள். ஏன் வியாழன்? வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்த பெண்களுக்கு வியாழன் மதியம்தான் விடுமுறை. மலாவியின் வடக்கில் அதே சொல் 'உமன்யானோ' ஆனது. மத்தியில் 'சிக்விரிசானோ', 1940-ல் தொடங்கியது. ஆண் போதகர் இல்லாமல் பெண்களே ஜெபித்து, பெண்களே பிரசங்கித்து, சாவு வீட்டுக்குத் தானியம் சேர்த்து, நோயாளி வீட்டுக்குத் தண்ணீர் சுமந்த அமைப்புகள் இவை. செவாப் பெண்களின் இந்த அனுபவத்தை எழுதியவர் மலாவியைச் சேர்ந்த இறையியலாளர் இசபெல் அபாவோ பிரி. 1997-ல் வெளிவந்த அவருடைய நூல் சொல்லும் செய்தி கசப்பானது. தாய்வழிச் சமூகத்தில் சடங்கிலும் குலத்திலும் பெண்ணுக்கு இருந்த இடத்தை மிஷன் பிடுங்கியது. அதற்கு ஈடாகச் சபைக்குள் இடம் தரவில்லை.

பூப்புச் சடங்கு ஓர் உதாரணம். 'சினம்வாலி' என்ற அந்தச் சடங்கை நடத்துபவர்கள் மூத்த பெண்கள். பெண் குழந்தைக்கு உடலைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி, பெரியவர்களிடம் நடந்துகொள்வதைப் பற்றி அங்கே பாடம். மிஷனரிகள் அது பாவம் என்றார்கள். பெண்கள் கேட்கவில்லை. கடைசியில் சபையே 'சிலங்கிசோ' என்று ஒரு கிறிஸ்தவச் சடங்கை வைத்தது; பாடம் சொல்பவர்கள் சபையின் மூத்த பெண்கள். பழையதில் தீங்கானவை இருந்தது உண்மை, சில இடங்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் இரண்டு சடங்குகளும் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் கணவன் மனம் கோணாமல் நடப்பது எப்படி என்பதாகவே இருந்துவிட்டால், பெயர் மாறியதில் பெண்ணுக்கு என்ன லாபம்?

போதகர் பயிற்சியில் முதல் உடைப்பு ஆப்பிரிக்காவிலிருந்து வரவில்லை. 1963-ல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் செமினரி தலைநகரை விட்டுக் கிராமப் பக்கம் இடம் மாறியது. கிராமத்தில் சபை நடத்துபவர்கள் வயலையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு நகரத்துக்குப் படிக்க வரமுடியாது; வந்து படித்தவர்கள் கிராமத்துக்குத் திரும்புவதில்லை. அப்படியானால் கல்லூரி மாணவனிடம் போகட்டும் என்றார்கள். வீட்டிலேயே படிக்கும்படி எழுதப்பட்ட பாடப்புத்தகம், வாரம் ஒருமுறை பக்கத்து ஊரில் ஆசிரியரோடு கலந்துரையாடல், மறுநாளே சபையில் செய்து பார்த்தல். 'விரிவாக்க இறையியல் கல்வி' என்ற இந்த முறை பெங்களூருக்கு 1971-ல் வந்தது. எழுபதுகளில் ஆப்பிரிக்கா முழுவதும் பரவியது. மலாவியில் சோம்பா நகரை மையமாகக் கொண்டு நடந்தது.

இதைத் திட்டமிட்டவர்கள் மனதில் இருந்தது மூப்பர்களும் உபதேசிமார்களும், அதாவது ஆண்கள். ஆனால் கதவைத் திறந்தபோது வாசலில் பெண்களும் நின்றார்கள். மூன்று வருஷம் விடுதியில் தங்கிப் படிக்க மூன்று பிள்ளைகளின் தாயால் முடியாது. மக்காச்சோளம் இடித்துவிட்டு, தண்ணீர் எடுத்துவிட்டு, இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பாடம் படிக்க முடியும். அபிஷேகம் கிடைக்காவிட்டாலும் வேதாகமத்தை யாருடைய தயவும் இல்லாமல் வாசித்து விவாதிக்கும் பயிற்சி கிடைத்தது. அது சாதாரண விஷயமல்ல. "வேதம் இப்படிச் சொல்கிறது" என்ற ஒரு வரியால் வாயடைக்கப்பட்ட ஊர்களில், "எந்த அதிகாரத்தில்?" என்று கேட்கத் தெரிந்த ஒரு பெண் இருந்தால் கூட்டத்தின் போக்கே மாறிவிடும்.

அந்தக் கேள்வியை ஒரு முறையாகவே வளர்த்தது தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள உஜாமா மையம். 2000-ல் அது தொடங்கிய 'தாமார் இயக்கம்' ஒரே ஓர் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது: இரண்டாம் சாமுவேல் 13. தாவீது ராஜாவின் மகள் தாமார். வேறு தாய்க்குப் பிறந்த சகோதரன் அம்னோன் நோயாளிபோல் நடித்து அவளைச் சமைக்க வரவழைத்துக் கெடுக்கிறான். வழி சொல்லிக் கொடுத்தவன் உறவினன் யோனதாப். அனுப்பி வைத்தவர் தகப்பன். விஷயம் தெரிந்ததும் தகப்பனுக்குக் கோபம் வருகிறது, தண்டனை வருவதில்லை. உடன்பிறந்த அண்ணன் அப்சலோம் பேசாமல் இரு என்கிறான். பழி வாங்குவது பிறகு அவன் சொந்தக் கணக்கு. பிரசங்க மேடையில் எளிதில் எடுக்கப்படாத பகுதி இது. பயிற்சிக்கு வந்த போதகர்களும் சபைப் பெண்களும் இதைச் சத்தமாக வாசிக்கிறார்கள். பிறகு கேள்விகள். கதையில் யார் யார்? ஒவ்வோர் ஆணும் என்ன செய்தான்? தாமார் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன சொன்னாள்? கடைசியாக: நம் ஊரில், நம் சபையில் தாமார் இருக்கிறாளா?

பிரசங்கம் கிடையாது, விரிவுரை கிடையாது. கேட்கிறவர் வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்பதுதான் இந்த முறையில் பயிற்சியாளருக்கே கடினமான பாடம். கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் பதில் அந்த அறையிலேயே இருந்தது. கென்யாவுக்கும் பிற நாடுகளுக்கும் இது பரவியதற்குக் காரணம் அதுதான். அம்னோனுக்கு உபாயம் சொன்ன யோனதாப், அனுப்பிய தகப்பன், மூடி மறைத்த அண்ணன் என்று வரிசையாகப் பார்க்கும்போது, தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று போதகர்களுக்கும் தெரிந்துவிடுகிறது.

எய்ட்ஸ் இன்னும் கொடூரமான ஆசிரியர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கப் போதகர்களின் முக்கிய வேலை அடக்கம் செய்வது. ஆனால் கல்லூரிப் பாடத்திட்டத்தில் அந்த நோய்க்கு இடமில்லை. மேடையில் அது பாவத்தின் சம்பளம். உகாண்டாவின் ஆங்கிலிக்கன் குரு கிடியன் பியாமுகிஷா 1992-ல் தனக்கு ஹெச்.ஐ.வி. இருப்பதை அறிந்து வெளிப்படையாகச் சொன்னார். மனைவியை அதற்கு முந்தைய வருஷம் இழந்தவர். ஆப்பிரிக்க மதகுரு ஒருவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. கெட்ட நடத்தை என்ற ஒற்றை விளக்கம் அன்றோடு நொண்டத் தொடங்கியது. போட்ஸ்வானாவின் வேதாகம அறிஞர் முசா டூபே 2003-ல் இறையியல் பாடத்திட்டத்துக்குள் ஹெச்.ஐ.வி.யையும் பெண்களின் நிலையையும் எப்படிக் கொண்டுவருவது என்று நூலே தொகுத்தார். 1989-ல் கானாவின் மெர்சி அம்பா ஒதுயோயே அக்ராவில் கூட்டிய ஆப்பிரிக்கப் பெண் இறையியலாளர் வட்டம் இல்லாவிட்டால் இப்படிப்பட்ட எழுத்துக்கு முகவரியே இருந்திருக்காது.

மலாவியில் 2015-16 சுகாதார ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 10.8 சதவீதம் பேருக்கு ஹெச்.ஐ.வி.; அதே வயது ஆண்களில் 6.4 சதவீதம். கல்யாணத்துக்கு வெளியே போனவள் என்று இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. பலருக்கு அது கல்யாணத்தோடு வந்தது. 2011-ல், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் தொற்று தெரிந்தவுடனே வாழ்நாள் முழுக்க மருந்து என்ற திட்டத்தை உலகிலேயே முதலில் தொடங்கியது இந்த ஏழை நாடுதான். மருந்து இருந்தது. வாங்கப் போகிற பெண்ணைச் சபை எப்படிப் பார்க்கும் என்பது மருந்துக்கடையில் தீரும் விஷயமல்ல.

கல்யாண வயதிலும் இதே கதை. 20-லிருந்து 24 வயது வரையுள்ள மலாவிப் பெண்களில் 42 சதவீதம் பேர் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் என்றது அதே ஆய்வு. 2015-ல் சட்டம் வயதை 18 ஆக்கியது. பெற்றோர் சம்மதித்தால் 15 போதும் என்று அரசியல் சட்டத்தில் இருந்த ஓட்டை 2017-ல்தான் அடைக்கப்பட்டது. அதற்கெல்லாம் காத்திராமல் டெட்சா மாவட்டத்தில் ஒரு பெண் தலைவர் காரியத்தில் இறங்கியிருந்தார். சோம்பாவில் ஒரு கல்லூரியில் 27 வருஷம் செயலாளர் வேலை பார்த்த தெரேசா கச்சிண்டமோட்டோ, பெரிய தலைவர் பதவிக்கு அழைக்கப்பட்டு வந்தவர். சில வருஷங்களில் 850-க்கும் மேற்பட்ட சிறார் கல்யாணங்களை ரத்து செய்தார். கண்டும் காணாமல் இருந்த கிராமத் தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார். தலைவர்களிடம் கையெழுத்து வாங்கியது போலவே மதகுருமார்களையும் அழைத்துப் பேசினார். காரணம் வெளிப்படை. ஊரில் கல்யாணத்துக்கு ஆசி சொல்லும் வாய் இரண்டு. ஒன்றை மட்டும் அடைத்தால் போதாது.

சபை ஒழுங்கு என்பது இன்னொரு சங்கடம். கல்யாணமாகாத பெண் கர்ப்பமானால் அவளை இராப்போஜனத்திலிருந்து விலக்கி வைப்பது பல சபைகளில் வழக்கம். வயிறு அவளைக் காட்டிக் கொடுக்கிறது. அவனைக் காட்டிக் கொடுக்க அப்படி எதுவும் இல்லை. அவன் பாடகர் குழுவிலேயே நிற்கலாம். இந்த இடத்தில் ஒரு போதகர் என்ன செய்கிறார் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அவருக்காகத் தீர்மானிப்பதில்லை. ஆனால் அந்தப் பெண் பள்ளிக்கூடம் திரும்புவாளா இல்லையா என்பது அந்த ஞாயிறன்று முடிவாகிவிடுகிறது.

திண்ணை வங்கிக்கு வரலாம். இதன் பிறப்பிடம் கிறிஸ்தவ நாடே அல்ல. 1991-ல் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் நிறுவனம் தொடங்கியது; ஹவுசா மொழியில் வைத்த பெயருக்குச் சாமர்த்தியக்காரப் பெண்கள் என்று பொருள். இரவல் பணம் கிடையாது, நன்கொடையும் கிடையாது. பதினைந்து முதல் இருபத்தைந்து பேர். கூட்டத்துக்குக் கூட்டம் ஒவ்வொருவரும் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். பாஸ்புத்தகத்தில் பங்குக்கு ஒரு முத்திரை. எழுத்துத் தெரியாதவளும் எண்ணிக்கொள்ளலாம். பணத்தை எண்ணுவதற்கு இரண்டு பேர். பெட்டியை வீட்டில் வைத்திருப்பவளிடம் சாவி இருக்காது. சாவி மூன்றும் மூன்று வேறு ஆட்களிடம். எல்லோர் முன்னிலையிலும்தான் திறக்கும், மூடும். சேர்ந்த பணத்திலிருந்து கடன், வட்டியும் பெட்டிக்கே. சாவு, நோய் என்றால் தனி நிதி. ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் பங்கு போட்டுப் பெட்டியைக் காலி செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. வருஷா வருஷம் காலியாவதால்தான் ஊழல் பெருக இடமில்லை.

மலாவியில் கந்துவட்டிக்கு 'கடப்பிலா' என்று பெயர். பசி மாதங்களான ஜனவரி, பிப்ரவரியில் வாங்கிய கடனுக்கு அறுவடையில் இரட்டிப்பாகத் தரவேண்டியிருக்கும். திண்ணை வங்கி வட்டியும் குறைவென்று சொல்ல முடியாது. மாதம் பத்து, இருபது சதவீதம் என்று போகிற குழுக்கள் உண்டு. வித்தியாசம், அந்த வட்டி கடன் வாங்கியவள் பங்குக்கே வருஷக் கடைசியில் ஒரு பகுதியாகத் திரும்புகிறது.

சபைகள் இதைச் சுவீகரித்துக்கொண்டது தற்செயல் அல்ல. நம்பிக்கை தேவைப்படும் வேலைக்கு ஏற்கெனவே ஒருவரை ஒருவர் அறிந்த கூட்டம் வேண்டும். பெண்கள் சங்கம் அப்படிப்பட்டது. இங்கிலாந்தில் 1876-ல் மேரி சம்னர் தொடங்கிய ஆங்கிலிக்கன் தாய்மார் சங்கத்தில் இன்று சுமார் 40 லட்சம் உறுப்பினர்கள், பெரும்பான்மையினர் ஆப்பிரிக்காவில். விவாகரத்தான பெண்ணைச் சேர்த்துக்கொள்ள 1970கள் வரை யோசித்த சங்கம் அது. அதுவே பின்னாளில் மலாவி, புருண்டி போன்ற நாடுகளில் எழுத்தறிவு வட்டங்களும் சேமிப்புக் குழுக்களும் நடத்துகிறது. பாடம் சொல்பவர்கள் வெளியாட்கள் அல்ல, அதே ஊர்ப் பெண்கள்.

உரசலும் இங்கேதான். திண்ணையில் பணம் நிற்கத் தொடங்கியதும் காணிக்கைத் தட்டு ஏன் இலேசாக இருக்கிறது என்று ஒரு மூப்பர் கேட்பார். பங்கு போட்ட இரவே கணவன் பணத்தைக் கேட்பான். கொடுக்காவிட்டால் அடி விழும். அவள் அழுதுகொண்டு போவது போலீஸ் ஸ்டேஷனுக்கு அல்ல, போதகர் வீட்டுக்கு. 2006-ல் குடும்ப வன்முறைக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. இறந்தவன் சொத்தை உறவினர்கள் அள்ளிக்கொண்டு போவதை 2011-ல் இன்னொரு சட்டம் குற்றமாக்கியது. இரண்டும் சிச்சேவாவில் ஒருமுறை மேடையில் வாசிக்கப்பட்டால் ஊருக்குத் தெரியும். வாசிக்கப்படாவிட்டால் லிலோங்வேயில் அலமாரியில் இருக்கும். போதகர் பயிற்சியில் ஒரு மணி நேரமாவது இந்தச் சட்டங்களுக்கு ஒதுக்கவேண்டும் என்று பெண்கள் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

இந்தப் பயிற்சிகள் எல்லாமே பலன் தருபவை என்று நம்பவும் வேண்டியதில்லை. அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ ஒரு குழு வரும். இரண்டு வாரம் கருத்தரங்கு, சான்றிதழ், குரூப் போட்டோ. கலந்துகொண்டவர்களுக்குப் படி உண்டு. ஆகவே எந்தப் பயிற்சிக்கும் அதே முகங்கள் வரும். ஒரு வருஷம் நிர்வாகம், அடுத்த வருஷம் பெண் முன்னேற்றம், அதற்கடுத்த வருஷம் தட்பவெப்ப மாற்றம். நன்கொடையாளரின் சொல் மாறும்போதெல்லாம் சான்றிதழின் தலைப்பும் மாறும். இன்னொரு புறம் எந்தப் பயிற்சியும் இல்லாமல் தகரக் கொட்டகையில் சபை தொடங்கி, காணிக்கை போட்டால் கார் வரும் என்று சொல்லும் கூட்டம். அந்தக் காணிக்கையும் பெரும்பாலும் பெண்களின் முந்தானை முடிச்சிலிருந்துதான் வருகிறது.

ருவாண்டா இதற்குச் சட்டத்தால் மருந்து தேடியது. 2018-ல் கிகாலியில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட தேவாலயங்களைச் சுகாதாரம், பாதுகாப்பு, சத்தம் என்று காரணம் காட்டி மூடினார்கள். சபைத் தலைவருக்கு இறையியல் பட்டம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. போலிகளைப் பிடிக்க இது உதவும். ஆனால் கல்லூரி வாசலைத் தொடவே விடாத ஒரு சமூகத்தில் பட்டத்தைக் கட்டாயமாக்கினால், பல வருஷமாகச் சபை நடத்திவரும் படிக்காத கிராமத்துப் பெண்ணும் போலியோடு சேர்ந்துதான் வெளியே போவாள். இருவரையும் பிரித்தறிய அந்தச் சட்டத்தில் வழி இல்லை.

மலாவியில் மழை நவம்பரில் வரும். அதற்கு முன்பு விதை வாங்கவேண்டும், உரம் வாங்கவேண்டும். அதனால் பல திண்ணை வங்கிகள் பங்கு போடுவதை மழைக்குச் சற்று முன்பாக வைத்துக்கொள்கின்றன. அன்று காலை கூட்டம் சீக்கிரமே கூடும். முதலில் ஜெபம், அதைச் சொல்பவள் வட்டத்தில் இருக்கும் ஒருத்தி. பிறகு பெட்டி நடுவில் வரும். சாவிக்காரிகள் மூவரும் வந்துவிட்டார்களா என்று தலைவி பார்ப்பாள். ஒருத்தி வரவில்லை என்றால் யார் வந்து நின்றாலும் பெட்டி திறக்காது, அபுசாவே வந்தாலும்.